மதுரைக்கு வந்த எம்ப்டி கேசட்

1949-ல் டோக்கியோவில் ஒரு சின்னக் கம்பெனி ஒலிநாடா செய்யப் பார்த்தது. போரில் தோற்று நொறுங்கிய நாடு. பிளாஸ்டிக் சுருள் கிடைக்கவில்லை. காகிதத்தை நீளநீளமாக நறுக்கி ஒட்டினார்கள். காந்தத்தூளும் கடையில் கிடைக்கிற சரக்காக இருக்கவில்லை. மருந்துப் பொருள் மொத்த வியாபாரியிடம் இரும்பு ஆக்சலேட் என்ற மஞ்சள் தூளை வாங்கிவந்து, வாணலியில் கொட்டி, மரக்கரண்டியால் கிளறிக் கிளறி, பழுப்பும் கறுப்புமாக நிறம் மாறும்வரை வறுத்தார்கள். வறுத்த தூளைக் குழைப்பதற்கு எடுத்தது, ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகக் கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் பூசிவந்த அரக்கு. தெளிப்பான் சரிப்படவில்லை. கடைசியில் விலங்கின் அடிவயிற்று மயிரில் செய்த மெல்லிய தூரிகையால், ஆட்கள் உட்கார்ந்து கையாலேயே பூசினார்கள். அந்தக் கம்பெனிதான் 1958-ல் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அந்த வாணலித் தூளின் வம்சம் கடல் கடந்து மதுரைக்கு வந்த கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பாட்டு ரசனை எப்படி மாறியது என்று பேசும்போது இசையமைப்பாளர்களைச் சொல்வோம், பாடகர்களைச் சொல்வோம், படங்களைச் சொல்வோம். எல்லாம் சரி. ஆனால் வைகைக் கரையிலும் அதைச் சுற்றிய கரிசல், செம்மண் ஊர்களிலும் மக்கள் பாட்டுக் கேட்ட விதத்தை அடியோடு புரட்டிப் போட்ட பொருளில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. செலோபேன் தாள் சுற்றிய காலி கேசட் அது.

கேசட்டின் உருவம் ஜப்பானுடையது இல்லை. ஹாலந்தின் பிலிப்ஸ் கம்பெனியில் லூ ஓட்டன்ஸ் தலைமையில் இயங்கிய குழு உருவாக்கி, 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நாடா, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். கடிதம் சொல்லிப் பதிய, பேச்சைக் குறித்துவைக்க அது போதும். பாட்டுக்கு லாயக்கில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜப்பானியக் கம்பெனிகளிடம் பிலிப்ஸ் உரிமத்தொகை கேட்டபோது, சோனி சார்பில் பேரம் பேசியவர் நோரியோ ஓகா. இவர் முறையாகப் பயின்ற ஓபரா பாடகர். பின்னாளில் சோனியின் தலைவரானவர். பேச்சின் முடிவில், 1965-ல், பிலிப்ஸ் உரிமத்தை இலவசமாகவே கொடுத்தது. உலகத்தில் எந்த மூலையில் செய்த கேசட்டும் எந்த மூலையில் செய்த டேப் ரெக்கார்டரிலும் பாடியதற்குக் காரணம் அந்தக் கையெழுத்துதான்.

நாடாவைப் பாட்டுக்கு உகந்ததாக ஆக்கியதில் டிடிகேவுக்குப் பெரிய பங்கு உண்டு. யோகோரோ கட்டோ, தாகேஷி தாகெய் என்ற இரண்டு டோக்கியோ ஆராய்ச்சியாளர்கள் 1930-ல் ஃபெரைட் என்ற காந்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். அதைத் தொழிலாக்க 1935-ல் தொடங்கிய கம்பெனிதான் டிடிகே. 1968-ல் அவர்கள் கொண்டுவந்த எஸ்டி வகைக் கேசட்டில் இசையின் மேல்ஸ்தாயி ஒலிகள் மங்காமல் பதிந்தன. அதற்குப் பிறகு கேசட்டை யாரும் குறிப்பேடு என்று சொல்லவில்லை.

இனி மதுரை. இந்த ஊருக்கும் ஒலிப்பதிவுக்கும் உறவு பழையது. 1916-ல் இங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டுக்குப் பாடிவிட்டார். டி.எம். சௌந்தரராஜன் இந்த ஊர் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் எது தட்டாக வர வேண்டும் என்பதைச் சென்னையில் ஒரு சிலரும், கல்கத்தா டம்டம்மில் ஆலை வைத்திருந்த கிராமபோன் கம்பெனியும் முடிவு செய்தார்கள். தட்டும் பெட்டியும் வாங்க வசதி வேண்டும். மற்றவர்களுக்கு வானொலி. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்தப் பக்கம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜாவின் குரலுக்காகவே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. பிடித்த பாட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்து போய்விட்டால் போனதுதான். கிராமத்துச் சொந்தப் பாட்டுகளான தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் பாடுகிறவர் வாயோடு இருந்தன. தட்டு அவற்றின் பக்கம் அதிகம் வரவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். சேலை, சென்ட், தைலம் இவற்றுக்கிடையில் பெட்டிக்குள் டிடிகே, சோனி, மேக்ஸெல் எம்ப்டி கேசட்டுகள் பத்துப் பத்தாக இருந்தன. மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஒரு வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டார் என்பதை அந்தத் தெருவே பாட்டுச் சத்தத்தில் தெரிந்துகொண்டது. சாமான் வந்துவிட்டது, நாடாவும் வந்துவிட்டது. பாட்டு?

அதற்குத்தான் ரெக்கார்டிங் சென்டர். மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோடு பக்கமும், அப்புறம் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பஸ் நிலையங்களை ஒட்டியும் இவை முளைத்தன. ஆளுயரக் கண்ணாடி அலமாரியில் எல்பி தட்டுகள், மேசையில் ஒரு டர்ன்டேபிள், இரண்டு மூன்று டெக், சுவரில் இளையராஜா படம். காலி கேசட்டையும் பாட்டு எழுதிய தாளையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ரெண்டு மூணு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். அறுபது நிமிட டி-60 என்றால் தொண்ணூறு மீட்டர் நாடா, இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பதிமூன்று பாட்டு. டி-90 என்றால் இருபது வரை இழுக்கலாம். பக்கத்தின் கடைசியில் அரைப்பாட்டு நின்றுவிடாமல் நிமிடக் கணக்குப் பார்த்து வரிசைப்படுத்துவது கடைக்காரரின் கைத்திறன். ஊருக்கே அவர்தான் இசைத் தொகுப்பாளர். "இந்தப் பாட்டுக்குப் பின்னாடி அதைப் போட்டா எடுக்காது தம்பி" என்று திருத்திக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள்.

அந்தத் தாள்களை யாராவது சேர்த்து வைத்திருந்தால், தமிழ் ரசனையின் மிக நேர்மையான ஆவணம் அதுவாகத்தான் இருந்திருக்கும். படத்தின் பெயரில் தட்டு விற்ற கம்பெனிக்கு, ஒரு படத்தில் எந்தப் பாட்டை மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது தெரியாது. ரெக்கார்டிங் சென்டர்க்காரருக்குத் தெரியும். தத்துவப் பாடல், சோகப் பாடல், தாய்மைப் பாடல், மோகன் ஹிட்ஸ் என்று ரகம் பிரித்தது அவருடைய வாடிக்கையாளர்கள். அப்பாவுக்கு டி.எம்.எஸ்ஸின் தத்துவம், அம்மாவுக்கு ஆடி மாதத்துக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, மகனுக்கு ராஜா. மூன்றும் ஒரே கேசட்டில் ஏறும். காசு அவ்வளவுதான் இருந்தது. பத்து வருடம் வேறு வேறு தட்டில் கிடந்த குரல்கள் ஒரு நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் வந்தபோது, வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டாக வேண்டியதாயிற்று. பழைய பாட்டு அறிந்த இளைஞர் கூட்டம் ஒன்று அப்படித்தான் இங்கே வளர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

இளையராஜாவின் பண்ணைப்புரம் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தேனி தனி மாவட்டமானது தொண்ணூறுகளில். அவருடைய முதல் படமான 'அன்னக்கிளி' 1976 மே மாதம் வந்தது. அவர் வந்த காலமும் டேப் ரெக்கார்டர் பரவிய காலமும் ஒன்றாக அமைந்தது இரண்டுக்கும் யோகம். அவருடைய பின்னணி வாத்தியங்களின் நுணுக்கம் கூம்பு ஸ்பீக்கரில் கேட்காது, சின்ன டிரான்சிஸ்டரிலும் கேட்காது. 'எக்கோ' கம்பெனித் தட்டிலிருந்து நல்ல டிடிகேயில் பதிந்து, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் போட்டால் கேட்டது. பேஸ் கிடார் என்று ஒன்று இருப்பதையே பலர் அப்படித்தான் அறிந்தார்கள்.

ரெக்கார்டிங் சென்டர் செய்தது சட்டப்படி குற்றம். அதையும் சொல்ல வேண்டும். 1984-ல் இந்தியா பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுப் பதிவுக்கு மூன்றாண்டு வரை சிறை என்று ஆக்கியது. அதே ஆண்டு ஜப்பானும் தன் சட்டத்தைத் திருத்தியது. அங்கே பிரச்சினை வேறு உருவில் வந்திருந்தது. 1980-ல் டோக்கியோவை ஒட்டிய மிதாகாவில் ஒரு கல்லூரி மாணவர் இசைத்தட்டுகளை வாடகைக்கு விடும் கடை திறந்தார். ஜனங்கள் தட்டை ஒரு நாளைக்கு எடுத்துப்போய் வீட்டில் கேசட்டில் பதிந்துகொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் நாடு முழுக்க இப்படிக் கடைகள் பெருகின. கம்பெனிகள் வழக்குப் போட்டன. முடிவில் ஜப்பான் வாடகையை ஒழிக்கவில்லை. வாடகைக் கடைகள் பாட்டுக்கு உரியவர்களுக்குப் பங்கு செலுத்த வேண்டும் என்று வழி வகுத்தது. அதே டிடிகே நாடா, அதே ஆசை. அங்கே வாடகைப் பணத்தில் ஒரு துளி பாடகருக்கும் எழுதியவருக்கும் போய்ச் சேர்ந்தது. இங்கே சட்டப் புத்தகத்தில் தண்டனை கூடியது, கடை வழக்கம்போல நடந்தது. ஊரின் ரசனையை விரல் நுனியில் வைத்திருந்த அந்தக் கடைக்காரரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள ஒரு கம்பெனிக்கும் தோன்றாமல் போனது பெரிய நஷ்டம். தெருவுக்குத் தெரு கம்பெனிகளுக்கு ஒரு விற்பனையாளர் இருந்திருப்பார்.

ஜப்பானில் கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர்கள் என்கா பாடல் ரசிகர்கள். பிரிவு, துறைமுகம், மழை, சொந்த ஊர் ஏக்கம் என்று உருகிப் பாடும் வகை அது. மிசோரா ஹிபாரி அதன் பேரரசி. அந்தப் பாட்டுகளுக்கு அடியில் ஒரு சங்கதி இருக்கிறது. மெய்ஜி காலத்தில் பள்ளிகளுக்கு மேல்நாட்டு ஸ்வரங்களைக் கொண்டுவந்தபோது, ஜப்பானியக் காதுக்கு இசையும்படி நாலாவதையும் ஏழாவதையும் நீக்கி ஐந்து ஸ்வரங்களாக வைத்துக்கொண்டார்கள். மத்தியமமும் நிஷாதமும் போய்விட்டால் மிஞ்சுவது நம்முடைய மோகனம். என்காவின் சோக வகை அதே முறையில் மைனர் வரிசையிலிருந்து பிறந்தது. முதல்முறை ஜப்பானியப் பழைய பாட்டைக் கேட்கிற மதுரைக்காரருக்கு அது ஏதோ தெரிந்த பாட்டுபோலப் படுவது இதனால்தான்.

லாரி ஓட்டுநர்களுக்காக நெடுஞ்சாலை ஓய்விடங்களில் என்கா கேசட்டுகள் அடுக்கிவைத்து விற்றார்கள். இளைஞர்கள் குறுவட்டுக்கு மாறிய பின்னும் என்கா கேசட்டிலேயே வந்தது, இப்போதும் வருகிறது. வயதானவர்களுக்குப் பொத்தானை அமுக்குவது எளிது என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேசட்டின் ஒரு பக்கத்தில் பாடகர் பாடுவார். மறுபக்கத்தில் வாத்தியம் மட்டும் ஒலிக்கும், கூடவே பாடல் தாளும் ஸ்வரக் குறிப்பும் இருக்கும். நிறுத்தி, திருப்பி, மறுபடி ஒரு அடியைக் கேட்டு, கூடப் பாடிப் பழகலாம். ஆசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து அவர் செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்து கற்கும் ஜப்பானியக் கலைப் பயிற்சியின் வழக்கம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் குடியேறிக்கொண்டது. மதுரையிலும் பாட்டு வகுப்புக்கு டேப் ரெக்கார்டரோடு போன பிள்ளைகள் அதையேதான் செய்தார்கள்.

இங்கே கேசட் இன்னொரு காரியமும் செய்தது. பாட்டே இல்லாமல் விற்றது. 'திருவிளையாடல்' 1965-ல் வந்த படம், மதுரைக் கதை. அதன் வசனம் கோயில் திருவிழாக்களில் மைக்செட் கட்டியவுடன் ஒலிக்கும். தருமியின் புலம்பலைப் படம் பார்க்காதவர்களும் ஒப்பிப்பார்கள். 1984-ல் 'விதி' வந்தபோது அதன் கதை வசனக் கேசட் டீக்கடை, கல்யாண வீடு, காதுகுத்து என்று ஓயாமல் அலறியது. கைவிடப்பட்ட ஒரு பெண் நீதிமன்றத்தில் நியாயம் கேட்கிற கதை, பெண்கள் கூடுகிற இடமெல்லாம் கேட்டது. எந்த விற்பனைக் கணக்கிலும் அதன் வீச்சு அடங்காது என்றே நம்புகிறேன். ஒரு கேசட் வாங்கியவர் மைக்செட்காரர், கேட்டது மூன்று ஊர்.

மைக்செட்காரரைப் போலவே பஸ்காரரும். மதுரையிலிருந்து தேனி, கம்பம், ராஜபாளையம் போன தனியார் பஸ்களில் எந்த வண்டியில் நல்ல பாட்டு என்று பார்த்து ஏறியவர்கள் ஏராளம். தொண்ணூறுகளின் கடைசியில் மினிபஸ் வந்தபோது தார் ரோடு போகாத ஊருக்கும் டெக் போயிற்று.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. கம்பெனிக் கேசட்டுகள் உடைந்த பல்லோடுதான் வரும். அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு செலோ டேப்பை ஒட்டினால் போதும், மறுபடி பதியலாம். இதைக் கண்டுகொண்ட நாளில் எங்கள் ஊர்கள் எழுதப் படித்ததுபோல ஆகிவிட்டன. துபாய்க்குக் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பினார்கள். குழந்தையின் முதல் மழலையைப் பதிந்தார்கள். விடிய விடிய நடந்த சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமண' நாடகத்தை மேடை ஓரத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்தார்கள். பபூன் காமிக், தர்க்கப் பாட்டு, ஆர்மோனியக்காரரின் பதில், நடுவில் நாய் குரைப்பது, ஜனங்கள் சிரிப்பது எல்லாம் சேர்ந்து பதிந்தன. வீட்டுக் கிழவி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஒப்பாரி சொன்னாள். தட்டுக் காலத்தில் யாரும் கேட்டிராத குரல் அது.

இந்த வேலையை முறையாகச் செய்தவர்கள் மதுரையைச் சேர்ந்த விஜயலட்சுமி–நவநீதகிருஷ்ணன் இணையர். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர்களிடம் பதிந்து, ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேர்த்து, அவற்றை மேடையிலும் கேசட்டிலும் திரும்ப மக்களிடமே கொண்டுவந்தார்கள். விஜயலட்சுமிக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொல்லங்குடி கருப்பாயி 'ஆண்பாவம்' (1985) படத்துக்கும், மதுரையை ஒட்டிய பரவையிலிருந்து முனியம்மா 'தூள்' (2003) படத்துக்கும் போய்ச் சேர்ந்த பாதையை, நாட்டுப்பாட்டும் விற்கும் என்று கேசட் கடைகள் முன்பே காட்டியிருந்தன. திரைப்படம் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் கிராமத்துக் குரலுக்குத் தனியாக ஒரு சந்தை இருந்தது. அந்தச் சந்தையை உண்டாக்கியது மலிவான நாடா.

இழப்பையும் மறைக்கக் கூடாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்துக்கு நாதஸ்வரம் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் மதுரைக்காரர்கள். அவர்களைப் போன்ற மேதைகளின் வாசிப்பு கேசட்டாக வந்ததும், சின்னக் கல்யாணங்களில் மேளக்காரரைக் கூப்பிடாமல் மங்கள இசைக் கேசட்டைப் போட்டு முகூர்த்தத்தை முடிக்கிற வழக்கம் வந்தது. சிற்றூர்க் கோயில்களிலும் அப்படியே. ஒரு மேதையின் வாசிப்பு நூறு சாதாரணக் கலைஞர்களின் சாப்பாட்டில் கைவைத்தது. அந்த நூறு பேர் பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பினார்கள். அவரவர் ஊருக்கென்று இருந்த வாசிப்பு முறைகள் அவர்களோடு நின்றுபோயின.

ஜப்பானிலிருந்து நாடா வந்த வழியில் பாட்டும் ஒருமுறை திரும்பிப் போனது. 1998-ல் ரஜினிகாந்தின் 'முத்து' டோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. ஏ.ஆர். ரகுமானின் அந்தப் பாட்டுகளை ஜப்பானிய இளைஞர்கள் குறுவட்டில் வாங்கினார்கள். அதே நேரம் மதுரையில் அவை கேசட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

முடிவு வேகமாக வந்தது. ஒரே எம்பி3 குறுவட்டில் நூற்றுக்கு மேல் பாட்டு; பிறகு மீனாட்சி பஜாரிலும் செல்போன் கடைகளிலும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள்; பிறகு அதுவும் வேண்டாமல் போயிற்று. டிடிகே தன் பதிவுநாடா வியாபாரத்தை 2007-ல் அமெரிக்காவின் இமேஷனுக்கு விற்றது. ஜப்பானில் கேசட் வாக்மேன் உற்பத்தியைச் சோனி 2010-ல் நிறுத்தியது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கேசட்டை உடைத்து நாடாவை உருவி, கதிர் முற்றும் வயல்களில் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டினார்கள். காற்றில் அது பளபளத்து விர்ரென்று அதிர, சிட்டுகளும் கிளிகளும் விலகிப்போயின. தானியத்தைக் காத்தது, நல்லதுதான். ஆனால் அப்படி இழுத்துக் கட்டிய நாடாக்களில் எந்த ஊர் நாடகம், எந்தக் கிழவியின் தாலாட்டு இருந்ததோ என்று நினைக்கும்போது மனசு கேட்பதில்லை. கம்பெனிப் பாட்டு எங்காவது மிஞ்சும். செலோ டேப் ஒட்டிப் பதிந்ததற்கு இரண்டாவது பிரதி கிடையாது.

பரணில் இன்னும் கேசட் வைத்திருப்பவர்கள் இந்த வருடமே எடுத்துப் பார்க்க வேண்டும். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகட்டில் ஒட்டியிருக்கும் பஞ்சு முதலில் உதிர்கிறது. அது போனால் சத்தம் அமுங்கிக் கேட்கும். திருகாணி உள்ள கேசட் என்றால் கழற்றி, நல்ல கூட்டில் நாடாவை மாற்றிவிடலாம். வெள்ளைப் பூஞ்சை பிடித்ததை அப்படியே போட்டு ஓட்டக் கூடாது. ஹெட்டும் கெடும், நாடாவும் கிழியும். டெக்கின் ரப்பர் பெல்ட்டை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். தளர்ந்த பெல்ட்டில் பாட்டியின் குரல் இழுவையாகப் பதிந்துவிடும். கணினிக்கு மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் ஆகும், பக்கம் திருப்ப ஓர் ஆள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காருகிறவர் பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று தெரிந்தவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிவிடட்டும். தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.